திருப்பிப் போட்ட லென்ஸ்

2011-இல் என் முதல் டிஎஸ்எல்ஆர் கேமராவை வாங்கினேன். நிக்கான் டி3100. கூடவே 18-55 மிமீ கிட் லென்ஸ் ஒன்று வந்தது. எங்கள் ஊர் தென்காசிக்குப் பக்கம். குற்றாலத்து அருவி, மலை முகட்டில் படியும் மேகம், காசி விசுவநாதர் கோயில் கோபுரம் என்று எல்லோரும் எடுக்கும் படங்களை நானும் எடுத்து முடித்தேன். அடுத்து என்ன என்று தேடியபோதுதான் கொல்லையில் நின்ற எருக்கஞ்செடி கண்ணில் பட்டது. இலையின் அடிப்பக்கம் வெந்தயவரியன் பட்டாம்பூச்சி ஒரே ஒரு முட்டை வைத்துவிட்டுப் போயிருந்தது. கடுகைவிடச் சிறியது. கேமராவைக் கிட்டக் கொண்டுபோனேன். ஒரு தூரத்துக்குமேல் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தவித்ததே தவிர ஃபோகஸ் ஆகவில்லை. கொஞ்சம் பின்வாங்கி எடுத்த படத்தில் இலை நன்றாக வந்திருந்தது. முட்டை வெறும் வெள்ளைப் புள்ளி.

கடையில் விசாரித்தேன். மேக்ரோ லென்ஸ் என்று தனியாக உண்டு, 105 மிமீ ஒன்று வாங்கிப் போட்டால் ஆயுசுக்கும் போதும் என்றார்கள். விலையைச் சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டேன். அந்த லென்ஸ் மட்டுமே என் கேமராவைவிட அதிக விலை.

மேக்ரோ என்றால் சின்னதைப் பெரிதாகக் காட்டுவது என்பதற்கு மேல் அப்போது எனக்கு எதுவும் தெரியாது. கணக்கு எளிமையானதுதான். பொருள் இருக்கும் அதே அளவில் அதன் பிம்பம் சென்சார்மேல் விழுந்தால் அது 1:1, அதாவது உயிரளவு. என் கிட் லென்ஸ் தருவது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள பூச்சி சென்சாரில் 3 மிமீ அளவுக்குத்தான் விழும். இதைச் சோதிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் ஸ்கேல் ஒன்று போதும். டி3100-இன் சென்சார் அகலம் 23 மிமீ. ஸ்கேலைப் படமெடுத்து, படத்தின் அகலத்துக்குள் எத்தனை மில்லிமீட்டர் கோடு அடங்குகிறது என்று எண்ண வேண்டும். 70 கோடு அடங்கினால் மூன்றில் ஒரு பங்கு. 23 கோடு என்றால் உயிரளவு. 8 கோடு என்றால் மூன்று மடங்குப் பெருக்கம். பின்னால் நான் செய்து பார்த்த ஒவ்வொரு வித்தையையும் இந்த ஸ்கேலை வைத்துத்தான் அளந்தேன்.

எங்கள் பஜாரில் ஒரு பழைய ஸ்டூடியோ இருந்தது. நடத்தியவர் ஊருக்கே அண்ணாச்சி. பென்டாக்ஸ் கே1000 கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சுற்றுவட்டாரக் கல்யாண வீடுகளிலெல்லாம் நின்றவர். நெகட்டிவில் பென்சிலை வைத்து டச்சிங் செய்து, மாப்பிள்ளை முகத்து அம்மைத் தழும்பை மறைத்துக் கொடுத்தவர். டிஜிட்டல் வந்ததும் அவருடைய டார்க் ரூம் தட்டுமுட்டுச் சாமான் போடும் அறையாகிவிட்டது. பாஸ்போர்ட் சைஸ் பிரிண்ட், லேமினேஷன், ஜெராக்ஸ் என்று கடை ஓடிக்கொண்டிருந்தது.

அவரிடம் முட்டைப் படத்தைக் காட்டினேன். கேமராவை வாங்கி லென்ஸைக் கழற்றினார். முன்பக்கக் கண்ணாடி கேமராவைப் பார்க்கும்படி லென்ஸைத் திருப்பி, இடக்கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மேசையில் கிடந்த பில் புத்தகத்தின்மேல் குனிந்தார். முதலில் ஒரே இருட்டு என்றார். லென்ஸின் பின்புறத்தில் துருத்திக்கொண்டிருந்த சின்னத் தகட்டு நெம்பியை நகத்தால் தள்ளினார்.

“இங்கன வந்து பாருங்க தம்பி.”

வ்யூஃபைண்டர் வழியாகப் பார்த்தேன். பில்லில் அச்சாகியிருந்த எழுத்தின் ஓரத்தில் மை காகித நாருக்குள் கசிந்து பிசிறடித்திருந்தது. நார் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

“முன்பக்கம், பின்பக்கம்னு பேரு வச்சதெல்லாம் நாமதான். வெளிச்சத்துக்கு அதெல்லாம் தெரியாது” என்றார் அண்ணாச்சி.

இதற்குக் காரணம் உண்டு. சாதாரண லென்ஸ் ஒரு பக்கம் தொலைவில் இருக்கும் பெரிய காட்சியையும், மறுபக்கம் கிட்டத்தில் இருக்கும் சின்னச் சென்சாரையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. பெரியதைச் சின்னதாக்குவது அதன் வேலை. உயிரளவைத் தாண்டிப் போகும்போது இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. பொருள் சின்னது, லென்ஸுக்கு அருகில் இருக்கிறது. பிம்பம் அதைவிடப் பெரியது. ஆகவே லென்ஸையும் தலைகீழாக்கிவிட்டால், எந்தப் பக்கத்தை எதற்காகச் செதுக்கினார்களோ அந்தப் பக்கம் அந்த வேலையைச் செய்கிறது. கூர்மையும் கெடுவதில்லை. குவியத்தூரம், அதாவது லென்ஸின்மேல் மிமீ கணக்கில் போட்டிருக்கும் எண், குறையக் குறையப் பெருக்கம் கூடும் என்பது இதில் இன்னொரு விசித்திரம். 18-55 லென்ஸைத் திருப்பிப் போட்டால் 55-இல் குறைவாகவும் 18-இல் மிக அதிகமாகவும் பெரிதாகும். நேராகப் போட்டுப் பழகிய கைக்கு இது பிடிபடக் கொஞ்சம் நாள் ஆகும்.

கையால் பிடித்துக்கொண்டே எத்தனை நாள் எடுப்பது? ரிவர்ஸ் ரிங் என்று ஒரு வளையம் விற்கிறார்கள். ஒரு பக்கம் கேமராவில் மாட்டும், மறுபக்கம் ஃபில்டர் போடும் மரையில் திருகிக்கொள்ளும். சீனத் தயாரிப்பு சில நூறு ரூபாய்க்குக் கிடைத்துவிடும். அண்ணாச்சி அதற்கும் வழி வைத்திருந்தார். கேமராவின் வாயை மூடும் பிளாஸ்டிக் மூடியின் நடுவில் வட்டமாக வெட்டியெடுத்தார். கண்ணாடி உடைந்த 52 மிமீ யூவி ஃபில்டர் ஒன்றின் வளையத்தை அதில் அரால்டைட் போட்டு ஒட்டினார். ஒரு ராத்திரி காயவிட்டார். அதுதான் எனக்கு முதல் மேக்ரோ கருவி. கண்ணாடி உடைந்த ஃபில்டரை நான் இன்றைக்கும் தூக்கிப் போடுவதில்லை.

கூடவே தன் பென்டாக்ஸில் இருந்த 50 மிமீ லென்ஸையும் கழற்றிக் கொடுத்தார். பென்டாக்ஸ் லென்ஸ் நிக்கானில் எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன். திருப்பிப் போடும்போது பொருந்த வேண்டியது ஃபில்டர் மரை மட்டும்தானே என்றார். உண்மைதான். லென்ஸின் பின்புற மவுண்ட் காற்றில் தொங்கப் போகிறது. அது எந்தக் கம்பெனியாக இருந்தால் என்ன? 49 மிமீ மரையை 52 ஆக்கும் ஒரு சின்ன வளையம் போதுமானதாக இருந்தது. யாஷிகா, மினோல்டா, ஜெனித் என்று அலமாரியில் தூங்கும் எந்தப் பழைய லென்ஸும் இப்படி விழித்துக்கொள்ளும். பழைய லென்ஸில் இன்னொரு வசதி, ஒளி நுழையும் துளையைக் கூட்டிக் குறைக்கும் அபர்ச்சர் வளையம் லென்ஸின்மேலேயே இருக்கிறது. என் கிட் லென்ஸில் அது இல்லை. கேமராவிலிருந்து கழற்றியதுமே அபர்ச்சர் இதழ்கள் முழுக்க மூடிக்கொள்ளும். அண்ணாச்சி நகத்தால் தள்ளிய நெம்பியைப் பாதியளவு திறந்து, மடித்த காகிதத் துண்டை இடுக்கில் செருகித்தான் அதைப் பயன்படுத்த முடியும். பழைய 50 மிமீயில் வளையத்தை 8-க்கு, அதாவது எஃப்8-க்குத் திருப்பினால் வேலை முடிந்தது.

கிளம்பும்போது அண்ணாச்சி சொன்னது இன்றுவரை காதில் இருக்கிறது. “ஓசியில எதுவும் கெடைக்காது தம்பி. துட்டு குடுக்காட்டி வெளிச்சத்தக் குடுக்கணும். அதுவும் இல்லாட்டி வேற எதையாவது குடுக்கணும். எதக் குடுக்கோம்னு தெரிஞ்சு குடுங்க.”

முதல் சில மாதங்கள் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. பூச்சி ஓடும், உப்பு ஓடாது. சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை தூள் உப்பைக் கறுப்புத் துணியில் தூவி எடுத்தேன். அத்தனையும் குட்டிக் குட்டிக் கனசதுரங்கள். ரூபாய் நோட்டில் காந்தி படத்தின் ஓரமாக வெறும் கண்ணுக்குக் கோடுபோலத் தெரிவது, உண்மையில் ரிசர்வ் வங்கியின் சுருக்கப் பெயரைத் திரும்பத் திரும்ப அடித்த நுண்ணெழுத்து. அம்மாவின் கல்யாணப் பட்டை எடுத்த நாள் மறக்காது. காஞ்சிபுரத்துச் சரிகை முழுத் தங்கக் கம்பி அல்ல. சிவப்புப் பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளி இழையைச் சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் ஏற்றுகிறார்கள். படிப்பில் தெரிந்த அந்தச் செய்தி படத்தில் கண்முன்னே கிடந்தது. பல வருடம் மடித்து மடித்து வைத்த இடத்தில் வெள்ளிச் சுற்று விலகி, உள்ளே இருந்த சிவப்பு நூல் எட்டிப் பார்த்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இப்படிக் கிழிஞ்சா போச்சு?” என்று பதறிப் புடவையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்தப் பயிற்சியில் விரல்கள் சிலவற்றைக் கற்றுக்கொண்டன. திருப்பிப் போட்ட லென்ஸுக்கும் கேமராவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. டி3100-இல் எம் என்ற முறையில் மட்டுமே படம் விழும். ஒளியை அளந்து சொல்லாது. எடுத்துப் பார்த்து, கூட்டிக் குறைத்து, மறுபடி எடுக்க வேண்டும். ஃபோகஸ் வளையத்தைத் திருப்புவதாலும் பெரிய பலன் இல்லை. கேமராவோடு உடம்பை ஓரிரு மில்லிமீட்டர் முன்னும் பின்னும் சாய்ப்பதே ஃபோகஸ். முழங்கையைத் தரையிலோ முட்டியிலோ ஊன்றி, மூச்சை விட்டு முடித்த கணத்தில் அழுத்த வேண்டும். உயிரளவில் எஃப்8 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மூன்று மடங்கில் அது இன்னும் நாலைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எறும்பின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் அதன் மீசை மங்கிப்போகும்.

அண்ணாச்சி தெரிந்துகொள்ளச் சொன்ன விலை ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது கொல்லைக்குப் போன பிறகுதான். முதல் விலை தூரம். திருப்பிப் போட்ட லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் இடையே நான்கைந்து சென்டிமீட்டர்தான் இடைவெளி. தும்பியோ பட்டாம்பூச்சியோ அவ்வளவு கிட்ட நம்மை விடாது. விடுகிறவை வேறு ஜாதி. அவற்றில் முதலாவது முசுறு.

எங்கள் மாமரத்தில் முசுறுக் கூடுகள் உண்டு. உயிருள்ள இலைகளைச் சேர்த்து இழுத்துப் பிடித்து, தங்கள் புழுக்களையே வாயில் கவ்விக்கொண்டு, புழு விடும் பட்டு நூலால் இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. அருகில் போனால் பின்வாங்காது, முன்னால் வரும். கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சும். லென்ஸ் முனை வழியாகக் கேமராவுக்கு ஏறி, அங்கிருந்து என் புருவத்துக்கு வந்தவை நிறைய. ஆனாலும் அந்த மரத்தடியை நான் விடவில்லை. காரணம், ஒரு நாள் கணினியில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு முசுறுக்கு மட்டும் நெற்றியில் இரண்டு பெரிய உருண்டைக் கண்கள் இருந்தன.

எறும்புக்கு அப்படிக் கண் கிடையாது. காலை எண்ணினேன். எட்டு. முன்னங்கால் இரண்டையும் எறும்பின் மீசைபோலத் தூக்கி ஆட்டிக்கொண்டு, மீதி ஆறில் நடந்துகொண்டிருந்த சிலந்தி அது. தாவும் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. மிர்மப்ளாட்டா என்பது அதன் அறிவியல் பேரினப் பெயர். முசுறைத் தின்ன விரும்பாத எதிரிகளிடமிருந்து தப்பிக்க முசுறு வேடம் போட்டுக்கொண்டு, நிஜ முசுறிடமும் அகப்படாமல் ஒதுங்கி வாழ்கிறது. ஆண் சிலந்தியின் தாடைகள் முன்னால் நீண்டிருக்கும். பார்க்க ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிப் போவதுபோல இருக்கும். சிறு வயதிலிருந்து ஏறி விளையாடிய மரம் அது. அங்கே இப்படியொரு நாடகம் நடப்பதைக் காட்ட ஒட்டுப்போட்ட மூடியும் கடன் வாங்கிய லென்ஸும் போதுமாக இருந்தன. சிலந்திகளின் குடும்பத்தைப் பிரித்தறியக் கண்களின் வரிசையும் உதவும் என்பதைப் பிறகு படித்தேன். அந்த வரிசையைப் பார்க்க வேண்டுமென்றால் உயிரளவாவது வேண்டும்.

இரண்டாவது விலை வெளிச்சம். லென்ஸ் சென்சாரிலிருந்து விலக விலக, உள்ளே வரும் ஒளி பரந்து நீர்த்துப்போகிறது. பொதுவான கணக்கு இது: உயிரளவில் எஃப்8 என்பது எஃப்16 போல நடந்துகொள்ளும், அதாவது நாலில் ஒரு பங்கு ஒளி. மூன்று மடங்கில் அதே எஃப்8 எஃப்32 ஆகிவிடும். அதற்கு மேல் அபர்ச்சரை மூடினால் ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுவதுமே சொதசொதப்பாகும். மாமர நிழலில் இந்தக் கணக்கு தாங்காது. கேமராவின் தலையில் எழும் சின்ன ஃபிளாஷ்தான் கைகொடுத்தது. அதை மேனுவலில் வைத்து நாலில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு என்று குறைத்தால், மின்னி மறையும் நேரம் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவு. கை நடுக்கமும் பூச்சியின் ஓட்டமும் அதற்குள் உறைந்துவிடும்.

ஆனால் வெறும் ஃபிளாஷ் பூச்சியின் முதுகில் பளீரென்று வெள்ளைத் திட்டு போடும். லென்ஸின் நிழலும் கீழே விழும். ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடியை வெட்டி ஃபிளாஷுக்கு முன்னால் கூரைபோல நீட்டினேன். அதன் உட்புறம் ட்ரேசிங் பேப்பர் ஒரு தாள். லென்ஸ் முனைக்கு மேலே வெளிச்சம் பரவலாக இறங்கியது. சமையலறை அலுமினியத் தாளை அட்டையில் ஒட்டிக் கீழே வைத்தால் வயிற்றுப் பக்கமும் தெரியும். மேக்ரோவுக்கென்று நான் செய்ததிலேயே படத்தின் தரத்தை அதிகம் உயர்த்தியது இந்த டப்பா மூடிதான். லென்ஸை மாற்றியபோதுகூட அவ்வளவு வித்தியாசம் வரவில்லை.

மூன்றாவது விலை காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் சாரலோடு வரும் காற்றை நம்பித்தான் எங்கள் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. அந்த மாதங்களில் செடியின் நுனி ஒரு சாண் ஆடும். எனக்கு வேண்டியதோ ஒரு மில்லிமீட்டர். துணி கிளிப்பைக் குச்சியில் கட்டி, செடித் தண்டைக் கவ்வவிட்டுப் பார்த்தேன். ஓரளவுக்கு உதவியது. உண்மையான தீர்வு நாள்காட்டியில் இருந்தது. மார்கழி, தை மாத விடியலில் காற்று அடங்கியிருக்கும். பூச்சிகளுக்கு நம்மைப்போல உடம்புச் சூடு கிடையாது, வெயில் ஏறினால்தான் இறக்கை இயங்கும். பனித்துளி போர்த்து உட்கார்ந்திருக்கும் தும்பியின் கண்ணுக்கு நாலு சென்டிமீட்டர் அருகில் அந்த நேரத்தில் மட்டும் போகலாம். சூரியன் வந்து அரை மணி நேரத்தில் அந்தச் சலுகை முடிந்துவிடும்.

மற்ற வழிகளையும் விட்டுவைக்கவில்லை. எக்ஸ்டென்ஷன் டியூப் என்பது கண்ணாடியே இல்லாத வெற்றுக் குழாய். கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே செருகி லென்ஸைத் தள்ளி வைப்பது மட்டுமே அதன் வேலை. குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் கூடுதல் பெருக்கம் கிடைக்கும். 50 மிமீ லென்ஸுக்கு 50 மிமீ குழாய் போட்டால் உயிரளவு. மலிவான குழாயில் மின்தொடர்பு இருக்காது, ஆகவே அபர்ச்சர் வளையம் இல்லாத லென்ஸ் அதில் இருண்டுவிடும். என் கிட் லென்ஸை 18-இல் வைத்து முழுக் குழாயும் போட்டபோது எதிலும் ஃபோகஸ் விழவில்லை. விழ வேண்டிய இடம் லென்ஸின் கண்ணாடிக்கு உள்ளேயே போய்விட்டது. குழாய்க்கு ஏற்றது 50-லிருந்து 100 மிமீ வரையிலான லென்ஸ்.

க்ளோஸ்-அப் ஃபில்டர் நேர் எதிர். முன்னால் திருகும் பூதக்கண்ணாடி அது. +1, +2, +4, +10 என்று டையாப்டர் கணக்கில் செட்டாக வரும். ஒளியைக் குறைக்காது, ஆட்டோஃபோகஸும் வேலை செய்யும். +4 என்றால் லென்ஸ் முனையிலிருந்து 25 சென்டிமீட்டரில் ஃபோகஸ், +10 என்றால் 10 சென்டிமீட்டரில். பலரும் இதைக் கிட் லென்ஸில் போட்டுப் பார்த்துவிட்டுப் பிரயோசனமில்லை என்று தூக்கி வைத்துவிடுகிறார்கள். இதன் பலம் நீண்ட லென்ஸில்தான் தெரியும். லென்ஸை முடிவிலியில் வைத்திருக்கும்போது 55 மிமீக்கு +4 தரும் பெருக்கம் 0.22. அதே கண்ணாடி 200 மிமீக்கு 0.8 தரும், அதுவும் 25 சென்டிமீட்டர் எட்டத்திலிருந்தே. பிறகு ஒரு பழைய 55-200 கைக்கு வந்தபோது பட்டாம்பூச்சிகள் எனக்குக் கிடைக்க ஆரம்பித்தது இப்படித்தான். இங்கே கொடுக்கும் விலை கூர்மை. ஒற்றைக் கண்ணாடி என்பதால் ஓரங்களில் ஊதாவும் பச்சையுமாக நிறம் பிரிந்து நிற்கும். எஃப்11 வரை மூடினால் குறையும். இரண்டு மூன்று கண்ணாடிகளைச் சேர்த்து நிறப்பிரிவைச் சரிசெய்த வகையும் உண்டு. ரெய்னாக்ஸ் டிசிஆர்-250 என்பது அப்படிப்பட்டது, 8 டையாப்டர். சாதா செட்டைவிடப் பல மடங்கு விலை, மேக்ரோ லென்ஸைவிட மிகக் குறைவு.

லென்ஸைத் திருப்புவதையும் க்ளோஸ்-அப் ஃபில்டரையும் கலந்த வழி ஒன்றும் உண்டு. 200 மிமீ லென்ஸின் முன்னால் 50 மிமீ லென்ஸைத் திருப்பி, முகத்தோடு முகம் ஒட்டுவது. 200-ஐ 50-ஆல் வகுத்தால் நாலு மடங்குப் பெருக்கம். உடைந்த ஃபில்டர் வளையம் இரண்டை அரால்டைட்டால் ஒட்டி இதற்கும் இணைப்பு செய்தேன். ஒரு கொசுவே படம் நிறைய வந்தது. ஆனால் கையில் பிடித்து எடுப்பது நடவாத காரியம், மூலைகளும் இருண்டுபோகும். உப்பு, விதை, செத்துக் கிடக்கும் ஈ போன்றவற்றுக்கு மட்டும் சரி.

அண்ணாச்சி கடையைக் கைமாற்றியபோது டார்க் ரூமைக் காலி செய்ய உதவப் போயிருந்தேன். தூசி படிந்த என்லார்ஜரின் அடியிலிருந்து ஒரு சின்ன லென்ஸைத் திருகி எடுத்து என் கையில் வைத்தார். இஎல்-நிக்கார் 50 மிமீ. நெகட்டிவிலிருந்து பிரோமைடு பேப்பருக்குப் படத்தை இறக்கியது அதுதான். ஓரத்திலிருந்து ஓரம்வரை தட்டையாகவும் கூர்மையாகவும் சில மடங்கு பெரிதாக்குவதற்கென்றே செய்யப்பட்ட லென்ஸ் என்பதால் மேக்ரோவுக்கு அதைவிடப் பொருத்தமானது குறைவு. ஃபோகஸ் வளையம் கிடையாது, 39 மிமீ மரை. அந்த மரைக்கு ஏற்ற வளையத்தைத் தேடிப் பிடித்து வெற்றுக் குழாயின் முனையில் பொருத்தினேன். சரிகையை மறுபடி எடுத்தேன். நாலு மூலையிலும் இழை எண்ணும்படி விழுந்தது. மூடிப்போன ஸ்டூடியோக்களின் பரணில் இப்படிப்பட்ட லென்ஸ்கள் இன்னும் கிடக்கும், கேட்டால் கிடைக்கும்.

கேமரா இல்லாதவர்களுக்கும் இந்தப் பாதை அடைத்ததில்லை. என் அக்கா மகள் பழுதான டிவிடி டிரைவைப் பிரித்து, லேசர் கண்ணில் இருக்கும் பொடி லென்ஸைக் கழற்றி, அட்டைத் துண்டில் பதித்து போன் கேமராவின்மேல் ஒட்டினாள். எறும்பின் மயிர்க்கால்வரை தெரிந்தது. அதற்கும் வசதியில்லை என்றால் போன் லென்ஸின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, மெல்லத் திருப்பினால் அந்தச் சொட்டே லென்ஸாகிவிடும். ஓரம் மங்கும், நடுவில் மட்டும் தெளிவு. அவள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அது போதுமாக இருந்தது.

இந்த ஒட்டுவேலைகளுக்கெல்லாம் எங்கள் பக்கத்தில் ஒரு முன்னோடி உண்டு. திருநெல்வேலியில் 1912-இல் பிறந்தவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். யானைகளையும் காட்டெருமைகளையும் கறுப்பு வெள்ளையில் எடுத்து, காட்டுயிர் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். ஒரு கேமராவின் உடல், வேறொன்றின் லென்ஸ், இன்னும் என்னென்னவோ உதிரிகள் என்று தானே சேர்த்துக் கட்டிய கருவியைத்தான் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார். அதற்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். அவர் எடுத்தது யானை, நான் எடுப்பது எறும்பு. ஆனாலும் கேமரா மூடியில் ஒட்டிய ஃபில்டர் வளையத்தைப் பார்த்து யாராவது சிரித்தால் நான் கிருஷ்ணன் பெயரைச் சொல்லிவிடுவேன்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்வது, பசை தடவி உட்கார வைப்பது, கூட்டைப் பிரிப்பது என்று குறுக்கு வழிகளைச் சிலர் சொல்லித் தருகிறார்கள். அவையெல்லாம் செலவில்லாத வழிகள் அல்ல, செலவைப் பூச்சியின் தலையில் கட்டும் வழிகள். ஓடிவிட்டால் ஓடட்டும். அடுத்த இலையில் இன்னொன்று இருக்கும்.

சில வருடம் கழித்து பழைய மேக்ரோ லென்ஸ் ஒன்றை நானும் வாங்கினேன். பூச்சிக்கும் எனக்கும் நடுவே தூரம் வேண்டும், அதே நேரம் கூர்மையும் குறையக் கூடாது என்று தெளிவாகத் தெரிந்த பிறகுதான் வாங்கினேன். உயிரளவுவரைக்கும் அது நல்ல லென்ஸ். இரண்டு, மூன்று மடங்கு வேண்டும் என்றால் இன்றும் கை திருப்பிப் போட்ட லென்ஸைத்தான் தேடுகிறது.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை இது. கையில் இருக்கும் லென்ஸைக் கழற்றித் திருப்பிப் பிடித்து, ஒரு ஸ்கேலைப் பாருங்கள். பிடித்திருந்தால் ரிவர்ஸ் ரிங் வாங்குங்கள் அல்லது ஒட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் நீண்ட ஜூம் இருந்தால் +4 க்ளோஸ்-அப் ஃபில்டர் ஒன்று. எதை வாங்கினாலும் அதற்கு முன் ஒரு வெள்ளை டப்பா மூடியை வெட்டி ஃபிளாஷில் மாட்டுங்கள். பட்டாம்பூச்சிக்கும் தும்பிக்கும் தூரம் முக்கியம், எறும்புக்கும் உப்புக்கும் பெருக்கம் முக்கியம். உங்களுக்குப் பற்றாமல் போவது எது என்று ஒரு மார்கழி முழுக்க எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதன் பிறகும் மேக்ரோ லென்ஸ் தேவை என்று தோன்றினால் தயங்காமல் வாங்குங்கள்.